பெரனாக்கான்: சொல் விளக்கம்

மலாய் மொழியில் 'அனாக்' என்றால் பிள்ளை. அதன் முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்து 'பெரனாக்கான்' ஆகிறது. கருப்பைக்கும் மலாயில் இதே சொல்தான். வெளியிலிருந்து வந்து தங்கியவர்களுக்கு உள்ளூரில் பிறந்த வழியினர் என்பது மற்றொரு பொருள். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களில் தங்கிவிட்ட சீன வணிகர்களின் வழியினரையே இன்று பெரும்பாலும் இது குறிக்கிறது. சீனர் மட்டும்தானா என்றால், இல்லை. மலாய் பேசும் சைவர்களான மலாக்கா செட்டிகளும் பெரனாக்கான்களே. அவர்களின் முன்னோரில் தமிழ் வணிகர்கள் உண்டு.

தமிழில் எப்படிச் சொல்வது? 'கலப்பினத்தார்' என்று எழுதுவது எனக்கு உவப்பில்லை. மூலச்சொல் பிறப்பைத்தான் பேசுகிறது. கலப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 'மண்ணின் மைந்தர்' பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் மலேசியாவில் அது மலாய்க்காரரும் பழங்குடியினரும் அடங்கிய 'பூமிபுத்ரா' என்ற வேறொரு வகையினரைக் குறித்துவிடும். பொருள் விளக்க வேண்டிய இடத்தில் 'குடியேறியோர் வழியினர்' என்றும், மற்ற இடங்களில் பெரனாக்கான் என்றும் எழுதலாம்.

சமையலுக்கு வந்தால் 'சீன மலாய்க் கலவை உணவு' என்ற விளக்கம் இன்னும் மெலிந்துவிடுகிறது. பாபி போங்தே என்ற பன்றி இறைச்சிக் குழம்பில் ஊறும் 'தாவ்சோ' என்னும் சோயா விழுது சீனத்துடையது. அதற்குச் சின்ன வெங்காயமும் பூண்டும் உரலில் இடிபடுவது மலாய்ச் சமையலறை வழக்கம். முஸ்லிம்களான மலாய்க்காரர்கள் அதைத் தொட மாட்டார்கள். சீனாவிலிருந்து புதிதாக வந்தவருக்கோ, உடன் வைக்கும் பெலாச்சான் (புளித்த இறால் விழுது) சம்பலின் நெடி பழக வேண்டும். இரண்டு வீட்டிலும் இல்லாத மூன்றாவது குழம்பு அது.

கோழியோடு சமைக்கும் 'புவா கெலுவாக்' கொட்டைக்குப் பொறுமை வேண்டும். பச்சைக் கொட்டையில் சயனைடு நஞ்சு உண்டு. வேகவைத்து, வாரக்கணக்கில் சாம்பலில் புதைத்து, பிறகு நாள்கணக்கில் நீரில் ஊறவைத்த பின்னரே உள்ளிருக்கும் கறுத்த பருப்பு உண்ணத்தக்கதாகும். ஊருக்கு ஊர் கைப்பக்குவம் மாறும்: பினாங்கில் புளி தூக்கலாக இருக்கும், தெற்கே மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் தேங்காய்ப்பால் முந்தும்.

இதை 'ஞோஞா சமையல்' என்றும் சொல்வார்கள். அச்சமூகத்தில் ஆண் பாபா, பெண் ஞோஞா. சீமாட்டியைக் குறிக்கும் போர்ச்சுக்கீசிய 'டோனா'வே இப்படித் திரிந்தது என்பர். பலரும் 'நோன்யா' என்று எழுதுகிறார்கள். நம் நெடுங்கணக்கில் ஞகரம் சும்மாதானே இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஞோஞாக்கள் செய்யும் 'அப்போம் பெர்குவா'வில் முதற்சொல் நம் ஆப்பம். 'பெர்குவா' என்றால் குழம்போடு கூடியது. தேங்காய்ப்பாலில் வாழைப்பழமும் பனைவெல்லமும் இட்டுக் காய்ச்சிய அந்த இனிப்புக் குழம்பில் ஆப்பத்தைத் தோய்த்து உண்கிறார்கள்.