சமதளப் பாதையும் மரத்துப்போன விரல்களும்

விடுமுறைக் காலம் முடிந்த பிறகு என் இயன்முறை சிகிச்சை அறைக்கு வருவோரில் ஒரு சாரார், ஒரு கையால் மறு கையின் சுண்டுவிரலைத் தடவிக்கொண்டே உள்ளே நுழைவார்கள். கடந்த வாரம் வந்தவரும் அப்படித்தான். ஐம்பதைக் கடந்தவர், மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லாத பசுமைப் பாதையொன்றில், பழமையான கிராமங்களைப் பார்த்துக்கொண்டே பல நாள் மிதிவண்டிப் பயணம் செய்து திரும்பியிருந்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு தாளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுமுனையை மெல்ல இழுத்தேன். நேராக இருக்க வேண்டிய கட்டைவிரலின் நுனிக் கணு சட்டென்று மடங்கியது. தாளும் நழுவி என் பக்கம் வந்துவிட்டது. சட்டைப் பொத்தானைப் போட மனைவியின் உதவி தேவைப்படுவதாகச் சொன்னவர், “ஆனால் டாக்டர், அது வண்டியே வராத வழி. ஏற்ற இறக்கமும் கிடையாது. சின்னப் பிள்ளைகள்கூட ஓட்டுகிறார்கள்” என்றார்.

இதே பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே இதை எழுதுகிறேன்.

இந்தப் பாதைகளில் பல கைவிடப்பட்ட ரயில் தடங்களின் மேல் அமைந்தவை. பிரான்ஸின் முதல் பசுமைப் பாதை 1997இல் பர்கண்டிப் பகுதியில் ஷிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே, ஏறத்தாழ 44 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படித்தான் உருவானது. ஸ்பெயின் 1993இலேயே பழைய தடங்களைப் பசுமைப் பாதைகளாக்கும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. அயர்லாந்தில் வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கில் தீவை நோக்கிச் செல்லும் 42 கிலோமீட்டர் பாதையும், 1937இல் ரயில் நின்றுபோன தடத்தின் மேல் போடப்பட்டதே. நீராவி இழுபொறிகளால் செங்குத்தான மேடுகளில் ஏற முடியாது என்பதால், 100 மீட்டருக்கு இரண்டு அல்லது மூன்று மீட்டருக்கு மேல் உயராதபடி மலையைக் குடைந்தும் பள்ளத்தைத் தூர்த்தும் தடம் போட்டார்கள். அந்தச் சமதளத்தைத்தான் இன்று நம் மக்கள் உடலுக்குச் சிரமமில்லாத வழி என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

சமதளம் மூச்சுக்கு எளிது, மூட்டுக்கும் நரம்புக்கும் எளிதில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தலையசைத்துவிட்டுப் போகிறார்களே தவிர மனத்தில் வாங்குவதில்லை. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். மேடும் பள்ளமுமான சாலையில் ஏற்றம் வந்தால் இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதிப்பீர்கள். இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்திக் கால்களுக்கு ஓய்வு தருவீர்கள். வளைவிலும் சந்திப்பிலும் கையை இடம் மாற்றுவீர்கள், வேகத்தைக் குறைப்பீர்கள், இறங்கியும் நிற்பீர்கள். இவை ஒவ்வொன்றும் நீங்கள் அறியாமலே உடலுக்குக் கிடைக்கும் இடைவேளை. பழைய ரயில் தடத்தில் இவற்றில் எதுவும் இல்லை. சிவப்பு விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, எழுந்து நிற்கவும் காரணம் இல்லை. நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 4,200 முறை ஒவ்வொரு முழங்காலும் ஒரே கோணத்தில் மடங்கி நிமிர்கிறது. அந்த நேரம் முழுவதும் உள்ளங்கையின் ஒரே இடமும் இடுப்பெலும்பின் ஒரே இடமும் உங்கள் எடையைச் சுமக்கின்றன. அன்றாடம் அரை மணி நேரம்கூடச் சைக்கிள் ஓட்டாதவர், முதல் நாளே 50 கிலோமீட்டர் போகலாம் என்று வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்வது இந்தத் தவறான எண்ணத்தால்தான்.

அந்த நோயாளிக்கு நேர்ந்தது இதுவே. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தரும் அல்நார் நரம்பு, மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய வழியாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. கைப்பிடியின் மேல் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தை ஊன்றி மணிநேரக் கணக்கில் சாய்ந்திருந்தால் அந்த இடம் நசுங்குகிறது. மரமரப்பைக் கவனிக்காமல் மறுநாளும் ஓட்டினால், விரல்களை அசைக்கும் சிறு தசைகளும் வலுவிழக்கும். மீண்டு வரச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை ஆகலாம். கைப்பிடியை இருக்கையின் மட்டத்துக்கோ அதற்கு மேலோ உயர்த்துங்கள். மணிக்கட்டை வளைக்காமல் நேராக வைத்து, திண்டுள்ள கையுறை அணியுங்கள். பிடியை அடிக்கடி மாற்றுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, தேவையில்லை என்று தோன்றினாலும், பெடல் மேல் எழுந்து நின்று பத்து எண்ணும்வரை செல்லுங்கள்.

அடுத்தது இருக்கை. மென்மையான, அகலமான, ஜெல் நிரப்பிய இருக்கைதான் நெடும்பயணத்துக்கு ஏற்றது என்று கடையில் கேட்டு வாங்குகிறார்கள். உட்கார்வதற்கென்று நமக்கு இரண்டு எலும்பு முனைகள் உண்டு. எடை அவற்றின் மேல்தான் இறங்க வேண்டும். மிகை மென்மையான இருக்கையில் அவை அமிழ்ந்துவிட, நடுவிலுள்ள மென்திசுவும் நரம்பும் அழுத்தத்தை வாங்கிக்கொள்கின்றன. அந்தரங்கப் பகுதி மரத்துப்போவதை வெட்கத்தால் மறைப்பவர்கள் பலர். தயவுசெய்து மறைக்காதீர்கள், இறங்கி நடந்தும் உணர்ச்சி திரும்பாவிட்டால் அன்றைய பயணத்தை நிறுத்துங்கள், சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். திண்டு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை அணியக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தையல் உரசி உண்டாகும் புண்ணுடன் வருவோரும் குறைவில்லை.

முழங்கால் வலிக்கு, வாடகை வண்டியின் இருக்கை உயரத்தைச் சரிபார்க்காததே பெரும்பாலும் காரணம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் முழுதாக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே தேவையான அளவு மடங்கும். இருக்கை தாழ்ந்தால் முன்பக்கம் வலிக்கும், உயர்ந்தால் பின்பக்கம். கனத்த கியரை வைத்து மெதுவாக அழுத்தி மிதிப்பதை விடுங்கள். இலகுவான கியரில் விரைவாகச் சுழற்றுங்கள்.

வண்டி வராத வழியில் விழமாட்டோம் என்ற நம்பிக்கைக்கு இப்போது வருகிறேன். பல நாடுகளின் ஆய்வுகளில், காயத்துடன் மருத்துவமனைக்கு வரும் சைக்கிள் ஓட்டிகளில் கணிசமானோர் எந்த மோட்டார் வண்டியும் மோதாமல் தாமாக விழுந்தவர்களே. கார்களைத் தடுப்பதற்காகப் பாதையின் நுழைவாயிலில் நடும் கம்பங்களே, முன்னால் செல்பவரின் முதுகை மட்டும் பார்த்து வருபவரைச் சாய்த்துவிடும். பழைய ரயில்வே கேட் இருந்த இடங்களில் பாதை உண்மையான சாலையைக் குறுக்கிடுகிறது; ஒரு மணி நேரம் வண்டியையே பார்க்காத கண்கள் அங்கேதான் அசட்டையாக இருக்கும். ஸ்பெயினின் ஆண்டலூசியாவில் புவெர்ட்டோ செர்ரானோவிலிருந்து ஒல்வேரா செல்லும் 36 கிலோமீட்டர் பாதையில் 30 சுரங்கங்கள் உள்ளன. ரயில் ஒரு நாளும் ஓடாத தடம் அது. க்ளூனிக்குத் தெற்கே உள்ள புவா க்ளேர் சுரங்கம் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் வௌவால்களுக்காக அதை மூடிவிடுகிறார்கள். வெயிலிலிருந்து சுரங்க இருட்டுக்குள் நுழைந்தால் கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும், தரையும் ஈரமாக இருக்கலாம். வேகத்தைக் குறையுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், விளக்கைப் போடுங்கள். பிரான்ஸில் 2017 மார்ச் முதல் 12 வயதுக்கு உட்பட்டோருக்குத் தலைக்கவசம் கட்டாயம். குழந்தைக்கு அதை மாட்டிவிட்டு வெறுந்தலையோடு முன்னால் செல்லும் பெற்றோரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. தரைக்கு வயது தெரியாது.

கிராமங்களைப் பற்றியும் ஒரு சொல். ரயில் பள்ளத்தாக்கோடு போனது, பழைய ஊர்களில் பலவோ பாதுகாப்புக்காகக் குன்றின் மேல் கட்டப்பட்டவை. ஒல்வேராவின் கோட்டை அப்படித்தான் பாறைமேல் நிற்கிறது. நாளெல்லாம் சமதளத்தில் மிதித்துச் சோர்ந்த கால்களோடு கருங்கல் பாவிய செங்குத்துத் தெருவில் ஏற முயல்பவர்களுக்குத்தான் தசை பிடித்துக்கொள்கிறது. இறங்கும்போது அதே கற்களில் சக்கரம் வழுக்குகிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடங்கள். உங்கள் முதுகுக்கும் கைக்கும் அன்று கிடைக்கும் மிகச் சிறந்த சிகிச்சை அந்த நடைதான். ஷிவ்ரியிலிருந்து க்ளூனி செல்லும் வழியில் புக்ஸி, சேன் ஜாங்கூ, கோர்மத்தேன், தெஸே என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கின்றன; முடிவில் 910இல் நிறுவப்பட்ட க்ளூனி மடாலயம் இருக்கிறது. எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் கடந்துவிட்டு எத்தனை மணி நேரத்தில் முடித்தேன் என்று சொல்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பழைய ரயில் நிலையக் கட்டடம் கண்ணில் பட்ட இடமெல்லாம் இறங்குங்கள். ஐந்து நிமிடம் நடந்து, கைகளை உதறி, தண்ணீர் குடித்துவிட்டு ஏறுங்கள். முதல் நாள் 25 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே, அதே நிலையில் தொடர்ந்து உட்கார்ந்து ஓட்டிப் பழகுங்கள்.

கையை ஊன்றி விழுந்திருந்தால், கட்டைவிரலை நன்றாக விரிக்கும்போது அதன் அடியில் தோன்றும் குழியை அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தால், வீக்கமே இல்லாவிட்டாலும், மணிக்கட்டிலுள்ள படகெலும்பு என்ற சிறு எலும்பு முறிந்திருக்கக்கூடும். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாள் ஓட்டாதீர்கள். மணிக்கட்டு அசையாதபடி கட்டி, மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் பத்து, பதினான்கு நாள் கழித்து மீண்டும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.