மொரீஷியஸின் கிராண்ட் பாசேன் ஏரியில் காடு தெரிவது எப்படி?

"கிராண்ட் பாசேன் படிக்கட்டில் நின்றால் காலடியில் மீன்கள் தெளிவாகத் தெரிகின்றன. தள்ளிப் பார்த்தால் மீனும் இல்லை, தரையும் இல்லை. வானமும் எதிர்க்கரைக் காடும்தான். நடு ஏரிக்கு அடியே கிடையாது என்று பாட்டி சொல்வது உண்மையா?" என்று ரோஸ்ஹில் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அடி இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில், அணைந்துபோன எரிமலையின் வாயில் தேங்கிய நீர் அது. 1972இல், கங்கை பிறக்கும் கோமுகத்திலிருந்து கொண்டுவந்த கங்கை நீரைக் கலந்த பிறகு கங்கா தலாவ், அதாவது கங்கை ஏரி, ஆனது. அதன் புனிதத்துக்கு அடியில்லாத ஆழம் தேவையில்லை. தூரத்து நீர் அடியைக் காட்டாததற்கு ஆழத்தைவிடப் பெரிய காரணம், நாம் பார்க்கும் சாய்வு.

நீர்மேல் விழும் ஒளியில் கொஞ்சம் உள்ளே போகும், மிச்சம் திரும்பும். பள்ளியில் படித்ததுதான். எவ்வளவு திரும்பும்? நேர்கீழே குனிந்து பார்த்தால் வெறும் 2 சதவீதம். கண் நீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால், எட்டரை மீட்டர் தள்ளி அது 35 சதவீதம். 17 மீட்டரில் பாதிக்கும் மேல். அதற்கும் அப்பால் திரும்பி வரும் வானத்தின் வெளிச்சம், அடியிலிருந்து வரும் மங்கிய ஒளியை மூழ்கடித்துவிடும். 1820களில் பிரெஞ்சுக்காரர் ஃப்ரெனெல் கண்ட சூத்திரங்கள் தரும் கணக்கு இது.

சரி, நீர் ஒளியைத் திருப்புவது எப்படி? எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத இடம் இதுதான். ஒளி வந்து நீர் மூலக்கூறுகளின் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான் தானும் ஒளி விடும். ஏரிக்குள் தெரியும் மரம், கோடானுகோடி எலக்ட்ரான்கள் சேர்ந்து மறுபடி அனுப்பிய ஒளி! ஆனால் எலக்ட்ரான் தான் ஆடும் கோட்டின் திசையில் மட்டும் ஒளி விடாது, பக்கவாட்டில்தான் விடும். செங்குத்திலிருந்து 53 பாகை சாய்ந்து ஒளி வரும்போது, நீருக்குள் போகும் கதிரும் திரும்ப வேண்டிய கதிரும் ஒன்றுக்கொன்று செங்கோணமாகின்றன. அப்போது மேலும் கீழுமான ஆட்டத்தின் கோடு, ஒளி திரும்ப வேண்டிய திசையையே நோக்கிவிடும். ஆகவே அந்த ஆட்டத்திலிருந்து எதுவும் திரும்பாது. கிடையாக ஆடுவதன் ஒளி மட்டுமே திரும்பும். இந்தக் கோணத்தின் விதியை ப்ரூஸ்டர் 1815இல் கண்டார்.

படியில் நிற்பவருக்கு அந்தக் கோணம் சுமார் 2 மீட்டர் தள்ளி அமையும். கிடையான அதிர்வைத் தடுக்கும் போலராய்டு குளிர்கண்ணாடியுடன் அங்கே பாருங்கள்: வானம் அழிந்து, கல்லும் மீனும் மேலெழும். தலையைத் தோள்பக்கம் சாய்த்தால் வானம் திரும்பிவிடும். ஒளியியலைக் கரும்பலகையோடு முடிக்கும் பள்ளிகள் பிள்ளைகளை ஒருநாள் இங்கே அழைத்துவர வேண்டும். பேருந்துக் கட்டணமும் நான்கைந்து கண்ணாடியும் போதும். இதற்குப் பணம் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

அப்புறம், காற்றில்லாத காலையில் போனால் இன்னொன்றையும் கவனியுங்கள். நீரில் தெரியும் காடு, கரைக்காட்டின் அச்சுப்பிரதி அல்ல. நம் கண் நீர்மட்டத்துக்குக் கீழே அதே அளவு ஆழத்தில் இருந்து மேல்நோக்கிப் பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் அங்கே தெரிகிறது. எனவே கரையோரக் கிளைகளின் அடிப்பக்கம் கூடுதலாகத் தெரியும். பின்னால் இருக்கும் குன்று அவற்றுக்குப் பின்னே கொஞ்சம் இறங்கி மறையும். ஒரு போட்டோ எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, இரண்டு காடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.