போர்டில் ‘கவுன்சலர்’ என்று இருந்தால் போதுமா? மறுவாழ்வு மையத்தில் சேர்க்குமுன் பார்க்க வேண்டியவை

நம் நாட்டில் போதை மீட்பு ஆலோசகருக்கென்று தனி உரிமம் கிடையாது. சில வாரப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பவரும், குடியை விட்டு மீண்டவரும், எம்.பில். முடித்த மருத்துவ உளவியலாளரும் ஒரே ‘கவுன்சலர்’ போர்டைத்தான் மாட்டுகிறார்கள். மீண்டு வந்தவரின் பேச்சுக்குத் தனி மதிப்பு உண்டு; வீட்டார் நூறு முறை சொல்லியும் கேட்காதவர், அவர் சொன்னால் கேட்பார். ஆனால் மருந்து எழுதவும் ஆளை அடைத்து வைக்கவும் அவருக்கு அதிகாரம் இல்லை.

மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரின் பெயர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (1,000 ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள் என்பது வேறு விஷயம்.) பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் சரிபாருங்கள்.

சட்டத்தின் பிடி உண்மையில் இறுகுவது மையத்தின் மீதுதான். மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநலப் பாதிப்புகளும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் அடங்கும். ஆகவே இவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். பெறாவிட்டால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். தொடர்ந்தால் 5 லட்சம் வரை போகும். சுவரில் சான்றிதழ் தொங்குகிறதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். தற்காலிகப் பதிவு நேரடி விசாரணை இல்லாமலே கிடைக்கும், ஓராண்டுதான் செல்லும். தேதியைப் படியுங்கள். நோயாளிகளின் புகாரை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

தகுதியற்றவர் கையில் உயிர் ஊசலாடுவது முதல் நான்கு நாட்களில்தான். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். சிலர் மூன்றாம் நாள் வாக்கில் உடல் நடுங்கி, வேர்த்துக் கொட்டி, இல்லாத பூச்சியைப் போர்வையிலிருந்து தட்டிவிடுவார்கள். இது மருத்துவ அவசரம். ‘அடம் பிடிக்கிறான்’ என்று கட்டிப்போடும் மையங்களில் இந்தக் கட்டத்தில்தான் சாவு நேர்கிறது. தயாமின் (வைட்டமின் பி1) கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கச் சொல்லி, குடியை நிறுத்தவைக்கும் டைசல்பிராம் மாத்திரை தருகிறவர்களும் உண்டு. அதன் மேல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து இதயமே நிற்கலாம்.

வேனில் ஆள் அனுப்பித் தூக்கிப்போவதற்கு மனைவியின் கையெழுத்து மட்டும் போதாது. சம்மதமில்லாதவரைச் சேர்க்க, அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் பேசச் சட்டப்படி உரிமை உள்ளவர், விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், வேறொரு மருத்துவரோ மனநல நிபுணரோ ஒருவரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதிலும் முதலில் 30 நாள்தான் கணக்கு. வாரியத்துக்கு 7 நாளுக்குள், பெண்கள் என்றால் 3 நாளுக்குள் தகவல் போக வேண்டும். ‘மூணு மாசம் பார்க்க வராதீங்க, போனும் கிடையாது’ என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

புகாரை உள்ளே இருப்பவரோ அவருடைய பிரதிநிதியோ வாரியத்தில் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, அவசரச் சூழலில் தொலைபேசியில் சொன்னாலும் வாரியம் ஏற்கலாம். அடி, காயம் இருந்தால் வாரியத்தின் பதிலுக்காகக் காத்திருக்காமல் நேராகக் காவல் நிலையம் போங்கள். பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டு, சேர்க்கைப் படிவத்தின் நகல் மூன்றும் கையில் இருக்கட்டும்.