மருந்துக்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற ஏப்ரலில் தருமபுரியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். 14 ரோஜாத் தொட்டிகள். இலைகளெல்லாம் புழுதி படிந்ததுபோல் வெளிறி, கீழ்க்கிளைகள் பாதி மொட்டையாகிவிட்டிருந்தன. "சாம்பல் நோய் என்று கடையில் சொன்னார்கள் தம்பி. மூன்று முறை அடித்துவிட்டேன், இலை கொட்டுவது நிற்கவில்லை" என்றார்.

பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கிளைக்கு அடியில் பிடித்து, இரண்டு தட்டுத் தட்டினேன். மிளகாய்த் தூள் சிந்தியதுபோலச் சிவப்புப் பொட்டுகள் விழுந்தன. சற்றுப் பொறுத்ததும் அவை நகர ஆரம்பித்தன. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். இலையைத் திருப்பினால், அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை. செஞ்சிலந்தி.

சாம்பல் நோய் ஒரு பூஞ்சண நோய்; அதற்கு அடிக்கும் பூஞ்சணக்கொல்லிகளில் பெரும்பாலானவற்றால் இந்தச் சிலந்தி சாகாது. அசுவினிக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிடும் இதைத் தொடாது. இதைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று பெருக்கத்துக்கு வழிவிடவும் கூடும். வெயில் காலத்தில் முட்டை பொரித்து வளர்ந்து அடுத்த முட்டை வைக்க இதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்த அம்மாவை மருந்தை நிறுத்தச் சொன்னேன். காலையில் இலைகளின் அடிப்புறத்தில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு வாரம். மாலையில் வெயில் தணிந்தபின், வாரம் ஒருமுறை, லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து அடிக்க வேண்டும். மே இறுதியில் புதுத் துளிர் சுத்தமாக வந்தது.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, நோய் இன்னதென்று தெரியாமலே மருந்து வாங்கப்படுவதுதான். மேல்புறத்தை மட்டும் படமெடுத்துக் கைபேசியில் அனுப்பி "என்ன அடிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். அடிப்புறம் தெரியாத படத்தை வைத்து நான் மருந்து சொல்வதில்லை. தலையில் சூடும் பூ, குழந்தைகள் கை வைக்கும் செடி. ஊகத்தில் அடிக்கக் கூடாது.

ஓசூர்ப் பக்கம் இன்னொரு சிக்கல். பசுமைக்குடில்களில் வேலை செய்யும் உறவினர் யாராவது மீதமிருக்கும் மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். குடிலுக்குள் இலையில் மழை படாது; அங்கே சாம்பல் நோயும் சிலந்தியும் இலைப்பேனும்தான் பெரிய தொல்லை. வீட்டு வாசலில் நனையும் ரோஜாவுக்கு வருவது பெரும்பாலும் கரும்புள்ளி. அந்த மருந்து இதற்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஒட்டுச்சீட்டு இல்லாத பாட்டிலை வீட்டுக்குள் வரவே விடாதீர்கள்.

கரும்புள்ளியை அடையாளம் காண்பது எளிது. இலையின் மேல்புறத்தில், ஓரம் பிசிறடித்த கரும் பொட்டு. அதைச் சுற்றி மஞ்சள். பிறகு இலை உதிரும். தரையை ஒட்டிய இலைகளில் தொடங்கி மேலே ஏறும். இந்தப் பூஞ்சணம் தொற்றுவதற்கு இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். ஐப்பசி மழையை நாம் நிறுத்த முடியாது. ஆனால் மாலையில் செடியின் தலையில் தண்ணீர் ஊற்றி, இரவு முழுக்க இலையை நனைத்து வைப்பதை நிறுத்தலாம். காலையில், வேரில் ஊற்றுங்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போட வேண்டாம். மழைக்காலத்தில் லிட்டருக்கு 2 கிராம் மேங்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லி பத்து நாளுக்கு ஒருமுறை புது இலைகளைக் காக்கும். புள்ளி விழுந்த இலை மறுபடி பச்சையாகாது. அதை எதிர்பார்த்து அளவைக் கூட்டாதீர்கள்.

சாம்பல் நோய் இதற்கு நேர்மாறு. அதற்கு இலையில் தண்ணீர் தேவையில்லை. பனி இரவும் வறண்ட பகலுமாக இருக்கும் தை மாதத்தில், இளந்துளிர் மாவு பூசியதுபோல் வெளுத்துச் சுருளும். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் போதும். வெயில் உச்சத்திலும், வேப்ப எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் அடித்தால் இலை கருகும்.

மஞ்சள் இலைக்குத்தான் அதிகத் தவறு நடக்கிறது. மஞ்சளைக் கண்டதும் யூரியா போடுகிறார்கள். எந்த இலை என்று முதலில் பாருங்கள். தழைச்சத்து (யூரியா தரும் நைட்ரஜன்) குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து சத்தை உருவிப் புதிய துளிருக்கு அனுப்பும். எனவே கீழ் இலை மஞ்சளாகும். இரும்புச் சத்தை அப்படி உருவ முடியாது. எனவே நுனித் துளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்டதுபோல் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இங்குள்ள நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பற்றி ஊரறியும். ஆனால் ரோஜாவுக்கு இரும்பை எட்டாமல் செய்வது வாளியில் வெள்ளையாகப் படியும் அந்தச் சுண்ணாம்பு உப்புதான். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராமும் சிட்ரிக் அமிலம் 1 கிராமும் ஒரு லிட்டரில் கரைத்து, கரைத்த உடனே, மாலையில் இலைமேல் தெளியுங்கள். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீர் தேங்கிய வேரும் இதே நிறத்தைக் காட்டும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் இன்னும் நல்லது.

இலை ஓரத்தில் பிறைநிலா வடிவில் நறுக்கென்று வெட்டியிருந்தால் அது இலைவெட்டித் தேனீ, கூடு கட்ட எடுத்துப் போயிருக்கிறது. ஒன்றும் செய்ய வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லையென்றால், பழைய இலையும் புது இலையும் சேர்ந்த ஒரு கிளையைக் காலையில் நறுக்கி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். பாலித்தீன் பையில் வியர்த்து அழுகிவிடும். தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கிருஷ்ணகிரிப் பக்கம் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம். இதுவரை என்ன அடித்தீர்கள், எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.