சராசரி: சொல் வந்த வழியும், 'நிரவல்' என்ற தமிழும்

'சராசரி' பாரசீக வேரிலிருந்து வந்த சொல். அம்மொழியில் 'சர்' என்றால் தலை. 'சராசர்' என்றால் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை, அதாவது முழுவதும். மராத்தி, தெலுங்கு, கன்னடத்திலும் இதே சொல்தான் வழங்குகிறது. அசைவன, அசையாதன என்று பொருள்படும் 'சராசரம்' வடசொல். ஒலி ஒத்தாலும் இரண்டுக்கும் உறவில்லை. ஆங்கில 'ஆவரேஜ்' கடல் வாணிகத்தில் பிறந்தது. கப்பல் சரக்குக்கு நேர்ந்த சேதத்தை வணிகர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட வழக்கத்திலிருந்து அந்தப் பொருள் வளர்ந்தது.

'சராசரி மனிதன்' என்று பேச்சில் சொன்னால் சாதாரண ஆள் என்று பொருள். வகுப்பிலோ 'கூட்டி வகு' என்ற கட்டளைதான் மனதில் நிற்கிறது. இரண்டுமே மாணவரை வழி தவறச் செய்கின்றன. ஒன்பது பேருக்கு மாதம் 15,000 ரூபாய், ஒருவருக்கு 2,65,000 ரூபாய் என்றால் சராசரிச் சம்பளம் 40,000. அந்தச் சம்பளம் வாங்குபவர் அங்கே ஒருவர்கூட இல்லை.

வாய்பாடு தெரிவது வேறு, கருத்து புரிவது வேறு என்பதைப் புள்ளியியல் கல்வி ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. 1981இல் அமெரிக்காவில் பொல்லாட்செக், லிமா, வெல் ஆகியோர் கல்லூரி மாணவர்களிடம் இப்படி ஒரு கணக்கைக் கொடுத்தார்கள்: ஒருவர் ஒரு கல்லூரியில் 2 பருவம் படித்துச் சராசரியாக 3.2 தரப்புள்ளியும் (GPA), இன்னொன்றில் 3 பருவம் படித்து 3.8 புள்ளியும் பெற்றார், எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்துச் சராசரி எவ்வளவு? பலர் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 3.5 என்றார்கள். சரியான விடை 3.56. 1995இல் மோக்ரோஸும் ரசலும் பள்ளிப் பிள்ளைகளிடம் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள்: ஒன்பது வகை உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டுகளின் சராசரி விலை 1 டாலர் 38 சென்ட் என்றால், ஒவ்வொன்றும் என்ன விலை இருக்கலாம்? கூட்டி வகுக்கத் தெரிந்திருந்தாலும் பின்னோக்கிப் போவது எளிதாக இல்லை. சிலருக்குச் சராசரி என்பது அடிக்கடி வரும் எண். சிலருக்கு நடுவில் இருக்கும் எண்.

இங்கேதான் 'நிரவு' என்ற தமிழ் வினை கைகொடுக்கிறது. மேட்டு மண்ணை வெட்டிப் பள்ளத்தில் போட்டுச் சமமாக்குவது நிரவுதல். மண் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. சராசரியின் உள்ளடக்கமும் இதுவே. தீப்பெட்டிகளை 3, 7, 4, 9, 7 என ஐந்து அடுக்குகளாக வைக்கச் சொல்லுங்கள். உயர்ந்ததிலிருந்து எடுத்துத் தாழ்ந்ததில் வைத்துக்கொண்டே போனால் எல்லாம் 6இல் வந்து நிற்கும். 6க்கு மேலே இருந்தவை 1, 3, 1. கீழே குறைந்தவை 3, 2. இரு பக்கமும் 5. இதைக் கையால் செய்து பார்த்த பிறகு 30ஐ 5ஆல் வகுக்கச் சொல்ல வேண்டும், முன்னால் அல்ல. அடுத்து, ஒரு பெட்டியும் இல்லாத ஆறாவது இடத்தைச் சேருங்கள். 'பூச்சியம்தானே, மாறாது' என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பள்ளத்தையும் நிரப்பியாக வேண்டும். சராசரி 5 ஆகிவிடும். தரப்புள்ளிக் கணக்கும் இப்படித்தான்: நிரவ வேண்டிய அடுக்குகள் கல்லூரிக்கு ஒன்றாக இரண்டல்ல, பருவத்துக்கு ஒன்றாக ஐந்து.

அதற்காகச் சராசரி என்ற சொல்லை விலக்க வேண்டியதில்லை, அது தமிழில் ஊன்றிவிட்டது. அளவுக்குப் பெயர் 'சராசரி', செயலுக்குப் பெயர் 'நிரவல்' என்று வைத்துக்கொள்வதே நல்லது. கருநாடக இசையிலும் 'நிரவல்' உண்டு. இடம் வேறு என்பதால் குழப்பம் வராது.

பாடநூல் வழக்கில் மட்டும் கவனம் தேவை. கூட்டி வகுத்து வருவது, வரிசையின் நடு எண், அடிக்கடி வரும் எண் ஆகிய மூன்றுக்கும் தமிழ்நாட்டில் முறையே கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு என்று பெயர். இலங்கையில் அதே வரிசையில் இடை, இடையம், ஆகாரம். இலங்கை நூலின் 'இடை'யைப் பார்த்ததும் தமிழ்நாட்டு மாணவருக்கு 'இடைநிலை அளவு' நினைவுக்கு வரும். எண்களை ஏறுவரிசையில் அடுக்கி நடு எண்ணை எடுத்துவிடுவார். அங்கே கேட்பதோ கூட்டுச் சராசரி.