சென்டர் பேரிங் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?

பதினோரு மாதத்தில் நாலாவது சென்டர் பேரிங். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீள ஷாஃப்டை நடுவில் தாங்குவது அதுதான். சங்ககிரிப் பக்கத்து லாரிக்காரர், சொந்த வண்டியைச் சொந்தமாக ஓட்டுபவர், 2006 மாடல் ஆறு சக்கர வண்டியைப் பட்டறைக்குள் விட்டுவிட்டு, உடைந்த பேரிங்கைப் பழைய துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "நல்ல கம்பெனி சாமான்தாங்கண்ணா போட்டேன். மூணு மாசம்கூடத் தாங்க மாட்டேங்குது." முந்தைய மூன்றையும் வெவ்வேறு ஊரில், வண்டி நின்ற இடத்தில் மாற்றியிருந்தார். நடுரோட்டில் நிற்கும் வண்டிக்கு அப்படித்தான் செய்ய முடியும். லோடு காத்திருக்கும்போது யார் காரணம் தேடுவார்கள்?

பேரிங்கைவிட அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் அதிகம் பேசும். ரப்பர் சுற்றிலும் நைந்திருந்தால் ஷாஃப்ட் ஆடி ஓடியிருக்கிறது. பைப் வளைந்திருக்கலாம், பேலன்ஸ் போயிருக்கலாம். உள்வளையம் நீலம் பாய்ந்திருந்தால் அது ஷாஃப்ட் மேலேயே வழுக்கிச் சுற்றியிருக்கிறது. ரப்பர் முன்னேயோ பின்னேயோ இழுபட்டுக் கிழிந்திருந்தால் ஏதோ ஒன்று பேரிங்கை நீளவாக்கில் தள்ளுகிறது. இவர் கொண்டுவந்த ரப்பர் பின்பக்கமாக இழுபட்டு, கீழ்ப்பாதி பிய்ந்து தொங்கியது. உடனே என் சந்தேகம் ஸ்லைடிங் ஜாயிண்ட் மேல் போனது.

லோடு ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் பின் ஆக்ஸில் மேலும் கீழும் ஆடும். அப்போது ஆக்ஸில் நடுவிலுள்ள கிரவுன் பல்சக்கரத்துக்கும் சென்டர் பேரிங்குக்கும் இடையே உள்ள தூரம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அதற்கு இடம் கொடுக்கத்தான், ஒன்றுக்குள் ஒன்று நகரும்படி ஸ்பிளைன் என்கிற நீளப் பல் வெட்டிய அந்த ஸ்லைடிங் ஜாயிண்ட். அது நகராமல் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு பள்ளத்தின் இடியும் நேராக சென்டர் பேரிங்கில் போய் இறங்கும்.

அடியில் படுத்துப் பார்த்தேன். வருஷா வருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு அடித்த கறுப்பு பெயிண்ட், கோட்டு மேல் கோட்டாக. அந்த ஜாயிண்டில் கிரீஸ் ஏற்றும் சின்ன முனையான நிப்பிளைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். கிரீஸ் அடிக்கிறீர்களா என்று கேட்டேன். "எல்லா நிப்பிளுக்கும் அடிக்கிறேங்கண்ணா." பொய் சொல்லவில்லை. நிப்பிளைப் பெயிண்ட் அடைத்திருந்ததால், கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் கிரீஸ் வெளியேதான் வழிந்தது, உள்ளே ஒரு சொட்டு போகவில்லை. கிரீஸ் உள்ளே போனதா என்பதை டஸ்ட் சீல் பக்கம் பார்க்க வேண்டும். பழைய கிரீஸ் அங்கே பிதுங்கி வந்தால்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். ஷாஃப்டை இறக்கி அந்த ஸ்பிளைனைப் பிரிக்க இரண்டு பேருக்கு அரை மணி நேரம் ஆனது. உள்ளிருந்து துரு செங்கல் தூள் மாதிரிக் கொட்டியது.

அதே பெயிண்ட் இன்னொரு வேலையும் பார்த்திருந்தது. அந்த ஜாயிண்டின் கவை போன்ற ஸ்லைடிங் யோக்கிலும் ஷாஃப்ட் பைப்பிலும் ஆளுக்கொரு அம்புக்குறி இருக்கும். கோக்கும்போது இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். சுரண்டிப் பார்த்தால் இரண்டு பல் தள்ளியிருந்தது. முதல் பேரிங் மாற்றியபோது யாரோ பிரித்து, குறி தெரியாமல் கோத்திருக்கிறார்கள்.

இரண்டு பல்லால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். ஷாஃப்டின் முனையில் இரண்டு யோக்குகளைச் சிலுவைத் துண்டால் இணைக்கும் கிராஸ் ஜாயிண்ட் கோணத்தில் ஓடும்போது சுழற்சி சீராக வெளியே வராது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். 10 டிகிரி கோணத்தில் இது சுமார் 1.5 சதவீதம். ஷாஃப்டின் மறுமுனை ஜாயிண்டும் அதே கோணத்தில் இருந்து, இருமுனை யோக்குகளும் ஒரே தளத்தில் நின்றால் அங்கே கூடியது இங்கே கழியும். பல் தள்ளினால் முழுதாகக் கழியாது, மிச்சம் அதிர்வாகத் தங்கும். 10.00-20 டயர், கிரவுன் விகிதம் 6 (ஷாஃப்ட் ஆறு சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1,900 சுற்று ஓடும். அப்படியானால் அதிர்வு நிமிடத்துக்கு 3,800.

எக்ஸ்ட்ரா ஸ்பிரிங் பட்டை போடுபவர்களும் இதில் மாட்டுவார்கள். பின்பக்கம் உயர்ந்தால் ஜாயிண்ட் கோணங்கள் மாறும். கோணத்தை லோடோடும் லோடு இல்லாமலும் இரண்டு முறை அளக்க வேண்டும்.

அப்புறம், பேரிங் உட்காரும் இடம். அங்கே ஷாஃப்டில் வரிசையாகப் பஞ்ச் புள்ளிகள். தேய்ந்த இடத்தில் பேரிங் லூஸாக நிற்கிறது என்றால் பஞ்சால் குத்தி மேடு எழுப்பி, பேரிங்கை இறுக்கமாக ஏற்றிவிடும் பழைய வித்தை. தொழில் கற்ற காலத்தில் நானும் செய்திருக்கிறேன், பெருமையாக வேறு நினைத்திருக்கிறேன். அந்த மேடுகள் சில நாளில் நசுங்கிவிடும், பேரிங் மையம் தப்பிச் சுற்றும். பேரிங் உட்காரும் ஷாஃப்ட் முனைத்துண்டான ஸ்டப்பையே மாற்றி, ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்கக் கொடுத்தேன்.

பேலன்ஸை இங்கே பலர் கார் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். பைப்பில் ஒட்டிய 50 கிராம் சேறு, மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அதே 1,900 சுற்றில் சுமார் 10 கிலோ விசையோடு ஷாஃப்டை வெளியே இழுக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 18 கிலோ ஆகிவிடும்.

சேஸிஸில் வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் எங்கேயோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் புள்ளி விழுந்துவிடும்.

சத்தம் வந்த பிறகும் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டாதீர்கள். பேரிங் கழன்றால் சுற்றும் ஷாஃப்ட் அடித்துக்கொண்டு பிரேக் ஏர் பைப்பை அறுக்கும். ஷாஃப்டைக் கழற்றும் முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கழற்றிய பிறகு கியர் வண்டியைப் பிடிக்காது. ஹேண்ட் பிரேக் டிரம் கியர்பாக்ஸ் பின்னால் இருக்கும் பழைய வண்டிகளில் அதுவும் பிடிக்காது.

ஒன்றரை வருஷம் கழித்து அதே வண்டி கிளட்ச் பிளேட்டுக்கு வந்தது. சென்டர் பேரிங் நான் போட்டதுதான். சேஸிஸ் முழுக்கப் புது கறுப்பு பெயிண்ட். அந்த நிப்பிளில் மட்டும் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டி வைத்திருந்தார்.