தொழில்முனைவோர்: சொல்லும் ஷும்பீட்டரும்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் பொருளாதார வகுப்பு எனக்குப் பிடிபடவே இல்லை. தேவைக் கோடு, அளிப்புக் கோடு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலை. எல்லாம் சரி, கடையைத் திறக்கிற ஆள் எங்கே? அந்த ஆளை எனக்குக் காட்டியவர் பொருளாதார அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர். தொழில்முனைவிலும் பொருளாதார மேம்பாட்டிலும் எனக்கு ஆர்வம் பிறந்தது அவரால்தான். தொழில்முனைவோருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆன்ட்ரப்ரனர்' என்ற சொல்லைத் தேடிப் போனதும் அவரைப் படித்த பிறகுதான்.

சொல் பிரெஞ்சுக்காரர்களுடையது. 'ஆந்த்ர' என்றால் இடையில், 'ப்ராந்த்ர' என்றால் எடுத்தல். சேர்த்தால், ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுதல். 17ஆம் நூற்றாண்டில், இன்ன தொகைக்கு இந்த வேலையை முடித்துத் தருகிறேன் என்று அரசிடம் ஒப்புக்கொண்டவரை அப்படி அழைத்தார்கள். மிச்சம் பிடித்தால் அவருக்கு லாபம், செலவு கூடினால் அவருக்கே நட்டம். நம் ஊர் காண்டிராக்டர்தான். இந்தச் சொல்லைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்தவர், பாரிஸில் வங்கித் தொழில் செய்த அயர்லாந்துக்காரர் ரிச்சர்ட் கேன்டில்லன். அவர் இறந்து 21 ஆண்டுகள் கழித்து, 1755இல் வெளிவந்த நூலில் விளக்கம் இருக்கிறது: தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்பவர். ஆங்கிலத்தில் ஆடம் ஸ்மித் காலத்தில் இதற்கு 'அண்டர்டேக்கர்' என்றே சொன்னார்கள். அந்தச் சொல் பிறகு இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்பவருக்குப் போய்விட்டதால், பிரெஞ்சுச் சொல் அதன் இடத்துக்கு வந்தது.

ஷும்பீட்டர் 1883இல் மொராவியாவில், இன்றைய செக் நாட்டில், பிறந்தவர். 1909இல், 26 வயதில், இன்றைய உக்ரைனில் உள்ள செர்னோவிட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கே மாணவர்களுக்குப் புத்தகம் தர மறுத்த நூலகரோடு வாள்சண்டையே போட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எப்பேர்ப்பட்ட வாத்தியார்! 1911இல் அவர் எழுதிய 'பொருளாதார வளர்ச்சிக் கோட்பாடு' நூலில்தான் நான் தேடிய ஆள் இருந்தார். புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருளுக்குப் புதிய இடம், தொழிலுக்குப் புதிய அமைப்பு. இவற்றில் ஒன்றைச் செய்து காட்டுபவரே தொழில்முனைவோர் என்கிறார். தபால் வண்டிகளை எத்தனை அடுக்கினாலும் ரயில் வராது என்ற அவருடைய உவமையை நான் மறந்ததே இல்லை. வண்டிகள் பெருகுவது வெறும் பெருக்கம். ரயில் வருவதுதான் அவர் சொல்லும் வளர்ச்சி.

அவர் இன்னும் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். பணம் போடுபவர் வேறு, முனைபவர் வேறு. நட்டம் பணம் போட்டவரைச் சேரும். அப்புறம், புதியதைச் செய்யும்வரைதான் ஒருவர் தொழில்முனைவோர். கட்டிய தொழிலை வழக்கம்போல நடத்த உட்கார்ந்துவிட்டால் அந்தப் பெயர் அவருக்கு இல்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். முதலாளி என்றால் முதலை ஆள்பவர், பணம் உள்ளவர். தொழிலதிபர் என்றால் தொழிலுக்குத் தலைவர். இரண்டும் ஒருவரிடம் இருப்பதைச் சொல்கின்றன. 'முனைவோர்' மட்டும்தான் செய்வதைச் சொல்கிறது. முனைதல் என்றால் ஊக்கத்தோடு ஒன்றில் இறங்குதல். போர்முனை, குமரிமுனை, பேனாமுனை எல்லாவற்றிலும் இருக்கும் 'முனை', முன்னே நீளும் நுனி. இலக்கணத்திலும் ஓர் அழகு உண்டு. முனை + வ் + ஓர். இது வினையாலணையும் பெயர், அதாவது காலம் காட்டும் பெயர். நடுவில் இருக்கும் 'வ்' எதிர்கால இடைநிலை. முனைந்து முடித்தவர் 'முனைந்தோர்' ஆகிவிடுவார். ஷும்பீட்டர் பக்கம் பக்கமாக வாதாடிய வேறுபாட்டை நம் மொழி ஒரே எழுத்தில் வைத்திருக்கிறது. முதன்முதலில் இதைக் கவனித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கோவை அருணாசலம் முருகானந்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். மாதவிடாய்க்காக மனைவி பழந்துணியை ஒளித்து எடுத்துப் போவதைப் பார்த்து, மலிவான நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். அதைப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு விற்றார். கையில் முதல் இல்லை, அதனால் முதலாளி என்ற சொல் அவருக்குப் பொருந்தாது. தொழில்முனைவோர் என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இலங்கைத் தமிழில் இதையே முயற்சியாளர் என்றும், அந்தப் பண்பை முயற்சியாண்மை என்றும் பாடநூல்களில் எழுதுகிறார்கள். அதுவும் நல்ல சொல்தான். ஆனால் எல்லா முயற்சிக்கும் அது பொது. தொழிலில் முன்னே போய் நிற்கும் ஆளுக்கு 'முனைவு' இன்னும் கூர்மையாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். '-ஓர்' பலர்பால் விகுதி. 'அவர் ஒரு தொழில்முனைவோர்' என்பது வழக்கில் நிலைத்துவிட்டது, தப்பு என்று அடிக்க மாட்டேன். ஒருமைக்குத் 'தொழில்முனைவர்' என்றும் எழுதுகிறார்கள். தனியே 'முனைவர்' என்றால் டாக்டர் பட்டம் பெற்றவர் என்றாகிவிடும், அதனால் 'தொழில்' என்பதை விடாமல் சேர்த்தே எழுதுங்கள். செயலைச் சொல்லத் 'தொழில்முனைவு' போதும்.